சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களும் மலைநாட்டுத் தொழிலாளரும்

சைவ சித்தாந்தம் கூறும் முப்பொருள்களுள் பதி ஒன்று, பசுக்கள் எண்ணிறந்தன, பாசம் அப்பசுக்களைப் பிணித்து நிற்பது. இதனைச் சைவர் யாவரும் இளமையிலேயே கேட்டிருப்பர். ஆயின், இதனின்று பெறப்படும் ஒரு முடிபினை நம்மவருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உயிர்களை உடையவன் இறைவன் ஒருவனே. அங்ஙனமாயின், ஓர் உயிர் மற்றோர் உயிரைத் தன் உடைமையென்று கொள்ளுதற்கு உரிமை எங்ஙனம் உண்டாகும்? நம்பியாரூரரை மணப்பந்தரிலே தடுத்து, ஆளோலை காட்டி ஆட்கொண்டவன் திருவெண்ணெய்நல்லூரில் அருட்டுறை மேவிய பெருமான். அத்தகைய ஓலையைக் கையிற் கொள்ளுதற்கு உரியவன் அவன் ஒருவனே. மனிதர் மனிதர்மேற் காட்டும் ஆளோலைகளெல்லாம் பொய்யோலைகளே யாம்.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா, அட்டன், டிக்கோயா, தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய இடங்களிலுள்ள தேயிலைத் தோட்டங்களில், அத்தகைய ஓலையொன்று நெடுங்காலம் வழங்கிற்று. அதற்குத் துண்டு என்று பெயர். அத்துண்டினையும், அதனோடு உடன்பிறந்த சிறைத் தண்டனையையும் ஒழித்தற்குப் பாடுபட்டவர்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அவரை அரசியற்றலைவரென்றும், பல்கலைக்கழக இயக்கத்தின் தந்தையென்றும், திருவாசகத்தை ஆங்கிலர் அறியச் செய்தவரென்றும் போற்றுவோர் பலர். தேயிலை மலைகளில் உழைத்த எளியார்பொருட்டு அவர் ஆற்றிய தொண்டினை எடுத்தோதுவோர் சிலரே. ஆதலின், அவருடைய வாழ்க்கை வரலாற்றினை அத்தொண்டினை நடுவாக வைத்து ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலைக் கட்டுவித்த பெருந்தகை அத் தந்தையாரே. தமையன்மார் குமாரசுவாமி, இராமநாதன் என்னும் இருவர். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள். செல்வமும் செல்வாக்கும் சிவபத்தியும் ஒருங்கே அமைந்த குடும்பம் அது. இவ்வாறு பிறந்தார் ஒருவர் தம் குடிப்பெருமையைக் காத்து இனிதே வாழ்ந்து முடித்திருப்பினும் அவரைக் குறைகூறுவார் ஒருவரும் இரார்.

பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிலே பயின்று, பரிசில்கள் பல பெற்று, அரசினரது உதவிச் சம்பளத்துடன் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜிலுள்ள கிறைஸ்ட் கல்லூரியிலே கற்றார். நியாயவாதப் பரீட்சையிலும் தேறினார். 1875ஆம் ஆண்டில், இலங்கைச் சிவில் சேவைக்கு நடந்த போட்டிப் பரீட்சையிலே சித்தியெய்தி, அவ்வாறு அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையைப் பெற்றார்.

அரசாங்க ஊழியம்

தாய்நாடு மீண்ட பின்னர்ப் பல ஊர்களில் நீதிபதியாயிருந்து நடுவுநிலைமைக்குப் பேர்பெற்றார். பின்னர்த் தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அவர்கள், மூத்த வெள்ளையர் பலர் இருப்பவும், இவரையே பதிவாளர் நாயகம் என்னும் உயர்பதவிக்கு எடுத்துவைத்தார். காணிப் பதிவும், பிறப்பு இறப்புப் பதிவும் அக்காலத்தே சீர்கேடுற்றுக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தியவர் அருணாசலம் அவர்களே.

1901ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பினை நடத்தி, அதன் அறிக்கையினை எழுதியவரும் அவரே. அவ்வாண்டில் இலங்கையின் மக்கட்டொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்குச் சிறிது மேற்பட்டது. அதனுள் தோட்டங்களில் வாழ்ந்தோர் மாத்திரம் 4 இலட்சத்து 41 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அஃதாவது, நாட்டில் ஏறக்குறைய எண்மருள் ஒருவர் தோட்டத்து மாந்தர். அவர்தம் தொகை, வயது, பிறப்பு, இறப்பு என்பனவெல்லாம் அவருடைய காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தன. ஆட்சியாளர் பலர்க்கு அவை வெறும் எண்களாய் அமைந்து ஒழிந்தன. அருணாசலம் அவர்கட்கோ அவ்வெண் ஒவ்வொன்றும் ஓர் உயிராய் நின்றமையைப் பிற்காலத்து அவர் செய்கைகள் காட்டின.

மலையேறிய மக்கள்

அம்மக்கள் யாவர்? மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை முதலிய நாடுகளிலிருந்து வறுமையாலும் பஞ்சத்தாலும் உந்தப்பட்டு வந்த உழவரும் கூலியாளருமாவர். முதலில் கோப்பித் தோட்டங்களுக்காக அழைக்கப்பட்டனர். மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே தம்புள்ளை மாத்தளை மார்க்கமாக நடந்து மலையேறினர். வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் மிகப் பலர். 1869 முதலாகக் கோப்பி இலைகளிற் பற்றிய நோயினால் அப்பயிர் அழிந்தது. 1867இலே ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. கோப்பிக்குப் பருவகாலத்து ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் கைகள் வேண்டும். ஆகவே, வந்து மீள்வோராயிருந்தவர் மலையிலேயே நிலைத்து வாழ்வோராயினர்.

விடியுமுன்னர்ப் பெரட்டுக்களத்தில் நிற்றல். மழையிலும் அட்டைக்கடியிலும் மலைச்சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தல். மாலையில் நிறுத்துக் கொடுத்தல். இரவிலே லயத்தின் ஓரறையிற் குடும்பம் முழுவதும் ஒடுங்குதல்: இதுவே அவர்தம் வாழ்வு. ஆயினும், தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோயிலையோ முருகன் கோயிலையோ அமைத்து, தம் கூலியிலே காசு பிடித்துத் திருவிழா எடுத்த சைவநன்மக்கள் அவர்கள். உயர்ந்த கோபுரங்களின் நிழலிலே வாழ்ந்த நம்மவர்க்கு அவர்தம் பத்தி சிறிதும் குறைந்ததன்று.

துண்டும் சிறையும்

இலங்கையிலே அடிமைமுறை 1844ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலையாள் ஒருவர் தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்கினாலும், கட்டளைக்குப் பணியாதொழிந்தாலும் அதனைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனைக்கு இடமளித்தது. இதன் பொருளைச் சிறிது ஆராய்தல் வேண்டும். வணிகர் இருவர் உடன்படிக்கை செய்து, அவருள் ஒருவர் அதனை மீறினால், மற்றவர் நட்டத்தின்பொருட்டு வழக்குத் தொடுப்பர்; மீறியவர் பணங்கொடுத்துத் தீர்ப்பர். சிறைக்குச் செல்லார். தோட்டத் தொழிலாளர் உடன்படிக்கையை மீறினாலோ, அவரைச் சிறைக்கு அனுப்பலாம். உடன்படிக்கை ஒன்றே, மீறுதலும் ஒன்றே, மீறுவோர் எளியவராயிருந்தமை ஒன்றே வேறுபாடு.

தொழிலாளர் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து நீங்கலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. ஆனால், அது ஏட்டளவிலேயே நின்றது. ஊரினின்று புறப்படும்போதே கங்காணி கொடுத்த முற்பணம் கடனாய்ப் பதியப்பட்டது. வழிச்செலவும், அரிசியும், கம்பளியும், கலியாணமும், கருமாதியும் அக்கடனின் மேலேறின. கடன் தீராமல் வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. வேறொரு துரை அக்கடனைத் தாம் இறுப்பதாயின், ஆட்களை விடுவிக்கலாமென்று பழைய துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அத்துண்டினைக் கையிற் பிடித்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாய்த் திரிந்து, மிகுந்த முற்பணம் தருவோரிடத்துத் தன் ஆட்களைச் சேர்ப்பான். அப்பணத்திற் பெரும்பாகம் அவன் மடியிற் சேரும். கடனோ ஆட்களின் தலையில் ஏறும். தம் பேரால் எவ்வளவு எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியவுமாட்டார். அடிமைச் சந்தை ஒழிந்தது. ஆளின் விலை மட்டும் துண்டென்னும் பெயரால் எஞ்சி நின்றது.

ஞானநாட்டம்

அருணாசலம் அவர்களை இத்துறையிற் செலுத்தியது அரசியல் மாத்திரமன்று. அவர் ஞானநூற் பயிற்சி மிக்கவர். தஞ்சை நாட்டினின்று வந்த இராமசுவாமி என்னும் பெரியாரைக் குருவாய்க் கொண்டு உபதேசம் பெற்றவர். கேம்பிரிட்ஜிலே தமக்கு நண்பராய் வாய்த்த எட்வேர்ட் காப்பெந்தர் என்னும் ஆங்கில அறிஞர் 1890இல் இலங்கைக்கு வந்தபோது அவரை அக்குருவிடம் ஆற்றுப்படுத்தினார். காப்பெந்தர், தொழிலாளர் உரிமைக்காக இங்கிலாந்திற் பேசியும் எழுதியும் வந்தவர். ஆங்கிலர் தமிழரிடத்து ஞானம் கேட்டார். தமிழர் ஆங்கிலரிடத்து மேனாட்டுத் தொழிலாளர் எழுச்சியின் செய்திகளைக் கேட்டார். அந்நட்பு இறுதிவரை நிலைத்தது. அருணாசலம் அவர்கள் எழுதிய கடிதங்கள் சிலவற்றைக் காப்பெந்தரே 1927இல் நூலாக வெளியிட்டார்.

மணிவாசகப் பெருமானுடைய திருவாசகப் பாக்கள் சிலவற்றையும், தாயுமானவர் பாடல்கள் சிலவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். முருக வழிபாட்டினைப் பற்றியும் அரிய கட்டுரை வரைந்தார். இவை முதலியன அவர் மறைந்த பின்னர் 1937இலே தொகுத்து வெளியிடப்பட்டன. எல்லாவுயிரிலும் உள்நின்று ஆடும் ஒரு கூத்தனைக் கண்டு வணங்குபவர், அவ்வுயிர்களுள் ஒன்று கடன்சீட்டின்பேரால் கைம்மாற்றப்படுவதைக் கண்டு வாளாவிருத்தல் இயலாது. வாளாவிருப்பின், அவர் வணங்கியது ஏட்டுச் சிவத்தையன்றி உயிர்க்குயிராய சிவத்தை அன்று.

தொழிலாளர் பணி

1913ஆம் ஆண்டில் அரசாங்க ஊழியத்தினின்றும் ஓய்வு பெற்றார். அறுபதாண்டு நிறைந்தவர், சேர் பட்டமும் பெறுந் தகுதியினர், உபகாரச் சம்பளமும் உண்டு. கோயிலும் நூலுமாய்க் காலங் கழித்தற்கு எல்லாம் அமைந்திருந்தன. அவரோ அந்நாள் முதலாகவே பொதுப்பணியிற் புகுந்தார். 1915ஆம் ஆண்டு சனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தாபித்தார். கொழும்புச் சேரிகளில் வாழும் ஏழைகளுக்குக் கல்வி, மருத்துவ உதவி, நல்ல உறையுள் என்பன வேண்டுமென்றும், உழைப்போர்க்குக் குறைந்தபட்சக் கூலியைச் சட்டத்தால் வரையறுத்தல் வேண்டுமென்றும் அச்சங்கம் வற்புறுத்திற்று. பிச்சையிடுதல் வேறு, உரிமையை உரியவரிடத்துச் சேர்த்தல் வேறு. இவ்விரண்டினையும் பகுத்துணர்ந்தவர் அருணாசலம் அவர்கள்.

மலைநாட்டுத் தொழிலாளர் சிறைப்படுவதை அவர் அக்காலமுதற் கையிலெடுத்தார். பெண்டிரும் சிறுவரும்கூடச் சிறைசெல்வதை அரசாங்கத்தாருக்கு எடுத்துக்காட்டினார். தண்டனைப் பிரிவுகளை அறவே நீக்கவேண்டுமென்று எழுதியும் பேசியும் வந்தார். நீதிபதியாய் இருந்து அச்சட்டங்களை உள்ளபடி அறிந்தவர், அரசாங்கத்தின் உள்ளிருந்து அதன் போக்கினை உணர்ந்தவர் என்பதனால், அவர் சொல்லை எளிதிற் புறந்தள்ளுதல் ஆட்சியாளர்க்கு இயலவில்லை. 1854 முதல் நிலைபெற்ற தோட்டத்துரைமார் சங்கமோ பெருவலிமை வாய்ந்தது. சிறையச்சம் நீங்கினால் ஆட்கள் சிதறுவர், தொழில் கெடும் என்பது துரைமார் பலர் கொண்ட அச்சம். சென்னை அரசாங்கத்தின் சார்பில் மார்ஜோரிபாங்க்ஸ், தம்பி மரைக்காயர் என்னும் இருவர் இலங்கைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1917இலே அறிக்கை சமர்ப்பித்தனர். இங்ஙனம் இருகரையினின்றும் நெருக்கம் உண்டாயிற்று.

1919ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அருணாசலம் அவர்கள் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தாபித்துத் தலைமை தாங்கினார். அவருக்குத் துணையாய் நின்றவர் பெரி சுந்தரம் அவர்கள். தோட்டத்துச் சூழலிற் பிறந்து, கேம்பிரிட்ஜ் சென்று கற்று, நியாயவாதியாய் மீண்ட இளைஞர் அவர். கொழும்புப் பிரபு ஒருவரும் மலைநாட்டு இளைஞர் ஒருவரும் ஓரவையில் சமமாய் அமர்ந்து அப்பணியைச் செய்தமை நாம் மறத்தற்கரிய காட்சி. மறுவருடம் இலங்கைத் தொழிலாளர் சம்மேளனமும் தோன்றிற்று. பின்னர் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அக்காலத்தையொட்டியே சிறைத்தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. வேலையை விட்டு நீங்கியதற்காக ஒரு தாய் குழந்தையோடு சிறைவாயிலிற் புகும் கொடுமை மலைநாட்டில் அத்துடன் முடிந்தது. இஃது ஒருவர் தனித்துச் செய்த செயலென்று கூறோம். இலங்கையிற் பெருங்குடியிற் பிறந்த ஒருவர் முன்னின்றமையால் அக்குரல் அரண்மனைவரை எட்டிற்றென்பது மட்டும் ஒருதலை.

அரசியலும் இறுதியும்

1919ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசு தோன்றியபோது, சிங்களரும் தமிழரும் ஒருமுகமாய் அவரையே முதற் றலைவராய்த் தெரிந்தெடுத்தனர். மேல் மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் இடம் ஒதுக்குவதாக அளிக்கப்பட்ட வாக்குறுதி பேணப்படாமையால், 1921இலே அதனைவிட்டு நீங்கி, தமிழ் மகாசன சபையைத் தாபித்தார். தாம் கட்டியெழுப்பிய சபையினின்று தாமே வெளியேறியது அவர் உள்ளத்தைப் புண்படுத்தியிருக்கும். அதே 1921இலே, அவர் நெடுங்காலம் வேண்டிநின்ற பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் உதயமாயிற்று.

1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் நாள், தென்னாட்டுத் தலயாத்திரையில் மதுரை மாநகரிலே இறைவன் திருவடி நிழலெய்தினார்.

மதுரையென்றவுடன் பெரியபுராணம் கூறும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருக்கோயிலின் வாயிலிலே நின்று யாழிசைத்தார். அவரை உள்ளே அழைத்து வருமாறு சோமசுந்தரக் கடவுள் தொண்டர்க்குக் கனவில் உணர்த்தினார். ஈரத்தரையில் யாழ் பழுதாகும், பொற்பலகை இடுக என்றும் ஆணை பிறந்தது. இறைவன் இங்ஙனம் திறந்த வாயிலை மனிதர் மீண்டும் அடைத்தனர். அருணாசலம் அவர்கள் மதுரையிற் சிவபதமடைந்த நாளில், அவர் யாருக்காக உழைத்தாரோ அத்தோட்டத் தொழிலாளருட் பலருடைய உறவினர் அக்கோயிலுள் நுழைதல் இயலாது. 1939ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆம் நாளே வைத்தியநாத ஐயர் அவர்கள் முயற்சியால் அவ்வாயில் அவர்கட்குத் திறந்தது. துரைமார் எழுதிய துண்டு ஒழிந்து 18 ஆண்டுகள் சென்ற பின்னரே நாம் எழுதிய துண்டு மதுரையில் ஒழிந்தது. இதனைச் சைவர் நாணத்தோடு நினைவுகூர்தல் தகும்.

பின் நிகழ்ந்தவை

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்திற்று. அதன்படி 1929இலே உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறாருக்கு 32 சதமும் நாட்கூலியாய் வரையறுக்கப்பட்டன. கொழுந்தெடுக்கும் பெண்டிர்க்கு ஆடவரோடு ஒத்த கூலி 1984இலேதான் வந்தது. 1931இலே பெரி சுந்தரம் அவர்கள் அட்டன் தொகுதியினின்று போட்டியின்றி அரசாங்க சபைக்குத் தெரிவாகித் தொழில் மந்திரியானார். அவ்வாண்டிலேயே கோ. நடேசையர் அவர்கள் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார்.

ஆயின், பெற்ற உரிமை பின்னரும் பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலைநாட்டு மக்களின் காங்கிரசு எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரு நாட்டு அரசுகளும் எண்ணிப் பங்கிட முற்பட்டன: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர்த் தீர்மானிக்க. அம்மக்களை ஒருவரும் கேட்கவில்லை. நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலே நிறைவேறிற்று. வாழ மனையும் நிலமும், உழைப்புக்கு ஏற்ற ஊதியமும் இன்றும் அவர்கள் கேட்டு நிற்பனவாம். லயங்கள் இன்னும் ஒழிந்தபாடில்லை.

கொழும்பிலே பழைய பாராளுமன்ற முன்றிலில் அருணாசலம் அவர்களுக்குச் சிலையுண்டு. மலைநாட்டின் வாயிலாகிய பேராதனையிலே, பல்கலைக்கழக மாணவர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தோட்டத்து லயங்களிற் பிறந்த பிள்ளைகளும் இக்காலத்து அப்பல்கலைக்கழகத்திற் பயில்கின்றனர். சிலையினும் இதுவே அவருக்கு உவப்பாகும்.

சைவநன்மக்காள்! நாம் மலைநாட்டுக்குச் செல்வது பெரும்பாலும் சிவனொளிபாத மலைத் தரிசனத்துக்கும் குளிர்காற்றுக்குமே. அங்குள்ள மக்களைத் தோட்டக்காட்டார் என்று இழித்துக்கூறும் வழக்கம் நம்மவர் நாவினின்று இன்னும் முற்றும் நீங்கவில்லை. நம் சங்கங்கள் ஆண்டுதோறும் குருபூசை நடத்துகின்றன. மாகேசுர பூசையும் செய்கின்றன. அவற்றிலே அம்மக்கள் விருந்தினராயன்றி உரிமையுடையவராய் அமர்கின்றனரா? நம் வீட்டுப் பணிக்கு மலையினின்று வரும் சிறுமி பள்ளிக்குச் செல்கின்றாளா? தோட்டத்து மாரியம்மன் கோயிலிற் பூசை செய்வோரை நம் ஆலயங்களிற் சகோதரரென்று வரவேற்கின்றோமா? திருநீலநக்க நாயனார் யாழ்ப்பாணரைத் தம் மனையில் வேதிகையின் மருங்கே இருத்தியபோது, அவ்வேள்வித்தீ வலஞ்சுழித்தெழுந்தது என்று படிக்கின்றோம், படித்து உருகுகின்றோம். உருகிய பின்னர் நம் மனையில் அவ்விடத்தை யாருக்கு அளித்தோம் என்பதே வினா.

அருணாசலம் அவர்கள் அவ்விடத்தைச் சட்டத்திலே அளிக்கப் பாடுபட்டார். மனத்திலும் மனையிலும் கோயிலிலும் அளிக்கவேண்டிய கடன் நம்முடையது. திருநீறு பூசிய நெற்றிகளுள் உயர்வு தாழ்வு காண்பவர், அந்நீற்றினை உடையவனையே பிரித்துக் காண்பவராவர். அக்குற்றம் நம்மை அணுகாதிருக்க அம்பலவாணன் திருவருள் துணைசெய்க.